குருவானவர் வராத ஊரில்: பிலிப்பினோ மக்களின் பக்தியும் கூட்டுவாழ்வும்



வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலைபார்த்துத் திரும்பிய தமிழர்களுக்குப் பிலிப்பினோ மக்கள் புதியவர்கள் அல்லர். மருத்துவமனையில் உடன் பணியாற்றிய செவிலியர், ஒரே கப்பலில் இருந்த மாலுமி, பக்கத்து வீட்டுப் பணிப்பெண் என்று ஏதோ ஒரு வகையில் பழகியவர்கள்தான். துபாயின் புனித மரியன்னை ஆலயத்தில் தமிழிலும் திருப்பலி உண்டு, தகாலோக் மொழியிலும் உண்டு. ஒரு கூட்டம் எழுந்து போன இருக்கையில்தான் மறு கூட்டம் வந்து உட்காருகிறது. அப்படி இருந்தும் அவர்களைப் பற்றித் தமிழில் நாம் எழுதியிருப்பது மிகவும் குறைவு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பிலிப்பைன்ஸின் மக்கள்தொகை சுமார் 10 கோடியே 90 லட்சம், அவர்களில் 78.8 விழுக்காட்டினர் கத்தோலிக்கர். ஆசியாவில் இவ்வளவு பெரிய கத்தோலிக்க நாடு வேறில்லை.

அந்த மக்களின் பக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஸ்பெயின்காரர்கள் திணித்தது என்பார்கள் சிலர். உணர்ச்சிவசப்பட்ட ஏழைகளின் ஆறுதல் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே முக்கியமான ஒன்றை விட்டுவிடுகின்றன. அந்த நாட்டில் குருவானவர்கள் எந்தக் காலத்திலும் போதுமான அளவில் இருந்ததில்லை. செபத்தை, பவனியை, நோன்பை, சாவுச் சடங்கை மக்கள் தாங்களே நடத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி நடத்திப் பழகியதால் கூடுவதற்கும் வேலையைப் பங்கிடுவதற்கும் பத்துப் பேருக்குச் சோறு போடுவதற்கும் அவர்களுக்கு ஒரு கைவழக்கம் வந்துவிட்டது. பிலிப்பினோ சமூகம் என்று இன்று உலகமெங்கும் நாம் காண்பதில் பெரும்பகுதி அந்தக் கைவழக்கத்தின் விளைவு என்பது என் கருத்து.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1521இல் மெகல்லன் செபு தீவில் இறங்கினார். அரசன் ஹுமாபோனின் மனைவிக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டபோது குழந்தை இயேசுவின் சிறிய சுரூபம் ஒன்று அவளுக்குப் பரிசாகக் கிடைத்தது. அதே ஏப்ரல் மாதத்தில் மக்தான் தீவில் தலைவன் லாப்புலாப்புவின் ஆட்களோடு நடந்த சண்டையில் மெகல்லன் கொல்லப்பட்டார். மிஞ்சியவர்கள் கப்பலேறினார்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1565இல் லெகாஸ்பியின் ஸ்பானியப் படை வந்தபோது எரிந்துபோன குடியிருப்பில் ஒரு வீட்டில் அந்தச் சுரூபம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. நடுவில் அங்கே ஒரு குருவானவரும் கிடையாது. அதை வைத்திருந்தவர்கள் அதை யாராக நினைத்தார்கள், எப்படி வணங்கினார்கள் என்று உடனிருந்து பார்த்து எவரும் எழுதிவைக்கவில்லை. பாதுகாத்தார்கள் என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். சாந்தோ நீன்யோ என்ற பெயரில் அந்தச் சுரூபம் இன்றும் செபுவின் பசிலிக்காவில் இருக்கிறது.

பிறகு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் ஆட்சி. சிதறிக் கிடந்த குடிகளைக் கோவில் மணியோசை கேட்கும் தொலைவுக்குள் கொண்டுவந்து குடியமர்த்தத் துறவற சபைகள் முயன்றன. தலைமை ஊரில் கோவிலும் குருவானவரும் இருப்பார்கள். சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு சிற்றாலயம் மட்டும். குருவானவர் எப்போதாவது வந்துபோவார். அவர் வராத நாட்களில் குழந்தை பிறக்கும், கிழவர் சாவார், புயல் அடிக்கும். உபதேசியாரும் ஊர்ப் பெரிய பெண்களும்தான் அப்போது செபம் சொன்னார்கள். இறந்தவருக்காக ஒன்பது நாள் செபம் நடத்துவது இன்றும் அந்நாட்டில் பொதுநிலையினர் வேலைதான். தெருவுக்கு ஒரு பெண்மணி இருப்பார்; செபங்கள் மனப்பாடம். அவரை அழைத்துவந்து உட்காரவைத்தால் சாவு வீட்டில் காரியம் ஒழுங்காக நடக்கும்.

இந்தப் பழக்கத்தின் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் புனித வாரத்தில் பாபாசா நடக்கும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய நெடும்பாட்டுக்குப் பஸ்யோன் என்று பெயர்; அதைக் கூடிப் பாடுவதே பாபாசா. தகாலோக் மொழியில் அதை முதலில் எழுதியவர் காஸ்பர் அக்கினோ தெ பெலென் என்ற உள்ளூர்க்காரர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அச்சேறியது. பரவலாகப் பாடப்படுவது 1814இல் வந்த மற்றொரு பாடம். அடிக்கு எட்டு அசை, ஐந்தடிச் செய்யுள், படைப்பில் தொடங்கி உயிர்ப்பையும் தாண்டிச் செல்லும். அதை ஒரு சொல் விடாமல் பாடி முடிக்க வேண்டும். வீட்டு முற்றத்திலோ தெருவில் போட்ட பந்தலிலோ சுரூபத்துக்கு முன் ஒரு மேசை. இருபுறமும் இரு அணி. ஓரணி ஒரு செய்யுளைப் பாட மறு அணி அடுத்ததை எடுக்கும். இரவு, பகல், மறுபடி இரவு. தொண்டை கட்டியவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த சினிமா மெட்டில் நாலு செய்யுள் பாடிவிட்டுப் போவார்கள். பாட்டிமார்கள் முகம் சுளித்தாலும் தடுப்பதில்லை.

சமையற்கட்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பாட வருகிறவர் எவராக இருந்தாலும் வீட்டுக்காரர் சாப்பாடு போட வேண்டும். காப்பி, பிஸ்கட், தேங்காய்ப்பாலில் வேகவைத்த கிழங்கும் வாழைப்பழமும், வறுத்த சேமியா. இந்தப் பொறுப்பு ஒரு நேர்ச்சை. பனாத்தா என்று சொல்வார்கள். பாட்டி நேர்ந்துகொண்டாள் என்றால் பாட்டிக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு மகள். வசதி குறைந்த ஆண்டில் அக்கம்பக்கத்தார் அரிசியும் சர்க்கரையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். நேர்ச்சை ஒருத்தியுடையது, அதை நிறைவேற்றத் தெருவே தேவைப்படுகிறது. நான் சொல்லும் கைவழக்கம் இதுதான்.

ரெய்னால்டோ இலெட்டோ 1979இல் வெளியிட்ட ‘பஸ்யோனும் புரட்சியும்’ என்ற நூலை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. பாடுகளின் கதையை ஆண்டுதோறும் பாடிய குடியானவர்கள் அந்தக் கதையின் மொழியிலேயே தங்கள் அடிமைத்தனத்தையும் விடுதலையையும் புரிந்துகொண்டார்கள் என்று அவர் காட்டினார். பணிவைக் கற்பிக்கும் என்று ஆட்சியாளர்கள் நம்பிய பாட்டு, எளியவன் ஒருவன் அதிகாரத்தின் முன் நிமிர்ந்து நின்ற கதையாகவும் கேட்கப்பட்டது.

அந்த நூலில் வரும் அப்போலினாரியோ தெ லா குரூஸ் என்ற இளைஞரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். லுக்பான் ஊர்க்காரர். துறவியாக விரும்பினார், உள்நாட்டார் என்பதால் துறவற சபைகளின் கதவு திறக்கவில்லை. மணிலாவில் ஒரு மருத்துவமனையில் ஊழியம் செய்துகொண்டே 1832இல் புனித சூசையப்பர் பெயரில் ஒரு பக்த சபையைத் தொடங்கினார். மாதம் ஒருமுறை கூடினார்கள், செபமாலை சொன்னார்கள், கட்டணம் கட்டினார்கள், அவர் எழுதிய கடிதங்களை உரக்கப் படித்தார்கள். உறுப்பினர் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். அங்கீகாரம் கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தைத் திருச்சபையும் அரசும் நிராகரித்தன. பிறகு படை வந்தது. 1841 நவம்பரில் அவரைக் கொன்றார்கள். அவர் கேட்டதெல்லாம் சேர்ந்து செபம் சொல்ல அனுமதி. கூடிச் செபிக்கிறவர்கள் கூடி வேறெதுவும் செய்யக்கூடும் என்று ஆட்சியாளர்கள் சரியாகவே கணித்தார்கள் என்று நினைக்கிறேன்.

இனி கியாப்போ. மணிலாவின் இந்தப் பகுதியில் உள்ள கோவிலில் நசரேனோ என்று மக்கள் அழைக்கும், சிலுவை சுமந்த கருநிற இயேசுவின் ஆளுயரச் சுரூபம் இருக்கிறது. மெக்சிகோவில் செதுக்கப்பட்டு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலில் வந்தது என்பது மரபு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 9 அன்று லுனேட்டா திடலிலிருந்து கோவிலுக்கு அதைச் சப்பரத்தில் இழுத்து வருகிறார்கள். சுமார் 6 கிலோமீட்டர் தூரம். அதைக் கடக்கப் பல ஆண்டுகளில் 20 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பல லட்சம் பேர், செருப்பில்லாத கால், கருஞ்சிவப்புச் சட்டை.

தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அது கட்டுக்கடங்காத கூட்டம். அருகில் போய்ப் பார்த்தால் அதற்குள் ஓர் ஒழுங்கு தெரியும். சப்பரத்தின் முன்னால் இரண்டு வடங்கள். வடத்தைத் தோளில் தாங்குகிறவர் சிறிது தூரம்தான் தாங்குவார். பின்னால் நெருக்கிக்கொண்டு வருகிறவருக்குத் தோளைக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். எவனும் வடத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. சப்பரத்தின் மேல் நிற்கும் தொண்டர்களை நோக்கிக் கைத்துண்டுகள் பறக்கும். அவர்கள் அதைச் சப்பரத்தில் ஒற்றித் திருப்பி எறிவார்கள். மயங்கி விழுந்தவரைத் தலைக்கு மேல் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி ஓரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. புனித செபஸ்தியார் ஆலயத்தை நெருங்கும்போது சப்பரம் நிற்கும். கர்மேல் மாதாவின் சுரூபத்தை வெளியே கொண்டுவருவார்கள். தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்கும் நேரம் அது. அத்தனை இரைச்சலும் செபமாக அடங்கும்.

அந்த ஒரு நாளுக்குப் பின்னால் ஓராண்டு இருக்கிறது. சாலையோர வியாபாரிகளும் ஜீப்னி என்னும் சிற்றுந்துகளின் ஓட்டுநர்களும் சந்தைக் கூலிகளும் தெருவுக்குத் தெரு நசரேனோ பக்தர் குழு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தமாக ஒரு சிறிய சுரூபம், ஒரு கொடி, பெயர் அச்சிட்ட சட்டை. திருவிழாவுக்குச் சில நாள் முன்பு இந்தச் சுரூபங்களைக் கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரித்துப் பவனி போவார்கள். உறுப்பினர் வீட்டில் நோய் என்றால், சாவு என்றால் குழு வந்து நிற்கும். மாநகருக்குப் பிழைக்க வந்து, உறவைப் பின்னால் விட்டுவிட்டவனுக்கு அதுவே பங்காளிக் கூட்டம். பெருந்தொற்றால் 2021 முதல் 2023 வரை சப்பரம் புறப்படவில்லை. 2024இல் மீண்டும் புறப்பட்டபோது கூட்டம் குறையவில்லை என்றால், குழுக்கள் இடையில் கலைந்துபோகவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

நேர்ச்சையை ஒருவருக்காக இன்னொருவர் நிறைவேற்றலாம் என்பது இந்தப் பக்தியின் உயிர்நாடி. பின்னாளில் நாட்டின் தேசிய நாயகராகப் போற்றப்பட்ட ஹோசே ரிஸால் 1868இல், ஏழு வயது நிறைவதற்குள், தந்தையோடு அந்திப்போலோ மாதா கோவிலுக்குப் போனார். பிரசவத்தில் உயிர் தப்பினால் பிள்ளையைக் கொண்டுவருகிறேன் என்று தாய் நேர்ந்திருந்தாள். அதைத்தான் மகன் போய் நிறைவேற்றினான். செபுவில் பசிலிக்காவுக்கு வெளியே மெழுகுவர்த்தி விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். நீங்கள் மெழுகுவர்த்தி வாங்கி, யாருக்காக என்று பெயரைச் சொன்னால், அந்தப் பெயரைச் சொல்லி அவர்களே சாந்தோ நீன்யோவை நோக்கி முன்னும் பின்னுமாக அடிவைத்து ஆடிச் செபிப்பார்கள். மகன் ரியாத்தில் இருப்பான், மகள் மிலானில் இருப்பாள். அவர்களின் பெயர் செபுவின் வெயிலில் ஒரு வியாபாரப் பெண்ணின் வாயில் ஒலிக்கும்.

அந்திப்போலோவைச் சொல்லும்போது நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். அந்த மாதாவுக்கு அமைதிக்கும் நல்ல பயணத்துக்கும் அன்னை என்று பெயர். 1626இல் மெக்சிகோவின் அக்காபுல்கோவிலிருந்து வந்த சுரூபம். பிறகு பலமுறை வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் பசிபிக் பெருங்கடலைக் கடந்தது. வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறவர்கள் இன்று அங்கே வந்து கும்பிட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். பெரிய வியாழன் இரவு மணிலாவிலிருந்து மக்கள் விடிய விடிய நடந்தே மலைமேல் உள்ள அந்தக் கோவிலுக்குப் போவார்கள். வழியில் காயிந்தா என்றோர் ஊர். 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்டது நம் சென்னைப் பட்டணத்திலிருந்து. அந்தப் படையில் சென்ற இந்தியச் சிப்பாய்களில் சிலர் 1764இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது திரும்பவில்லை. காயிந்தாவிலும் அக்கம்பக்கத்திலும் தங்கி, அங்கேயே பெண்ணெடுத்து, அந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று அந்த மாதாவின் பிள்ளைகள்.

பக்தி மக்களைக் கூட்டும். கூடிய மக்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள்? மணிலாவின் பாக்ளாரன் பகுதியில் சகாய மாதா கோவில் இருக்கிறது. 1948இல் அங்கே புதன்கிழமை நவநாள் தொடங்கியது. மக்கள் எழுதித் தரும் நன்றிக் கடிதங்களும் விண்ணப்பங்களும் அந்த நவநாளில் வாசிக்கப்படும். 1986 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் மார்க்கோஸ் நடத்திய தேர்தலில் வாக்கு எண்ணிக்கை திரிக்கப்படுவதைக் கண்ட கணினிப் பணியாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அடைக்கலம் தேடி அவர்கள் ஓடியது இந்தக் கோவிலுக்கு. அதே மாதம் 22ஆம் தேதி, மார்க்கோஸுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த படைவீரர்களைக் காக்க வாருங்கள் என்று கர்தினால் ஹைமே சின் வானொலியில் அழைத்தார். எட்சா நெடுஞ்சாலைக்கு வந்தவர்கள் செபமாலையும் மாதா சுரூபமும் சாந்தோ நீன்யோவும் சோற்றுப் பொட்டலமும் கொண்டுவந்தார்கள். கன்னியர்கள் பீரங்கி வண்டிகளுக்கு முன் மண்டியிட்டார்கள். 25ஆம் தேதி மார்க்கோஸ் நாட்டை விட்டு ஓடினார். இரவு முழுக்கக் கண்விழிக்கவும், அறிமுகமில்லாதவருக்குச் சோறு கொடுக்கவும், முறைவைத்து ஆள் மாற்றிக்கொள்ளவும் அந்தக் கூட்டத்துக்கு யாரும் அன்றைக்குப் புதிதாகச் சொல்லித்தரவில்லை.

ஆனால் போப்பாண்டவரையே பகிரங்கமாகத் திட்டிய துதெர்தேவை 2016இல் குடியரசுத் தலைவராக்கியதும் இதே கத்தோலிக்கப் பெரும்பான்மை நாடுதான். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏழைகள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் வைகறைத் திருப்பலிக்கு வந்தவர்கள் பார்க்கும்படி, கொலையுண்டவர்களின் படங்களைப் பாக்ளாரன் கோவில் வளாகத்தில் வைத்தார்கள். துணிவான செயல். கொலைகள் நிற்கவில்லை. ஹைமே புலத்தாவ் என்ற இயேசு சபைக் குருவானவர் 1966இலேயே, பிலிப்பினோ கிறிஸ்தவம் இரண்டு தளங்களில் இயங்குகிறது, மேல்தளத்து நம்பிக்கையும் கீழ்த்தளத்து நடத்தையும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்று எழுதினார். அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்க மாட்டேன். பக்திக் குழு தன் உறுப்பினரைக் காக்கும். உறுப்பினர் அல்லாதவனைக் காக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தக் குறை அந்த நாட்டுக்கு மட்டும் உரியது என்றும் எனக்குத் தோன்றவில்லை.

கடல்கடந்த பிலிப்பினோக்களிடம் வருகிறேன். ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் பிலிப்பினோப் பெண்கள் முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது விதி. பலருக்குத் தனியறை இல்லை. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. ஞாயிறு காலை கார்டன் சாலையில் உள்ள புனித சூசையப்பர் ஆலயம் நிரம்பி வழியும். பிறகு சென்ட்ரல் பகுதியின் நடைபாதைகளில் அட்டைப்பெட்டியை விரித்து உட்காருவார்கள். ஊர்வாரியாக, மாவட்டவாரியாகக் குழுக்கள். செபமாலை முடிந்ததும் சீட்டுக் கணக்கு, வீட்டுக்குப் பணம் அனுப்பும் பேச்சு, சம்பளம் தராத முதலாளி மேல் புகார் எழுதும் வேலை. மே மாதம் வந்தால் மாதாவுக்குப் பூப்பவனி. பணிப்பெண்கள் அன்று கவுன் அணிந்து அரசிகளாக நடப்பார்கள்.

தேவாலயம் கட்ட இடமில்லாத சவூதி அரேபியாவில் சன்னலை மூடிக்கொண்டு வீட்டறைகளில் கூடினார்கள். வைகறைத் திருப்பலிக்கு வேலைநேரம் இடம்கொடுக்காத நாடுகளில் அதை மாலைக்கு மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவின் பல மறைமாவட்டங்களில் ஒன்பது நாளையும் ஒன்பது பங்குகள் பகிர்ந்துகொண்டு, ஒவ்வோர் இரவும் வெவ்வேறு கோவிலில் நடத்துகின்றன. திருப்பலி முடிந்ததும் கோவில் மண்டபத்தில் சாப்பாடு. 2019 டிசம்பரில் ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்திலேயே போப் பிரான்சிஸ் அந்தத் திருப்பலியை நிறைவேற்றினார். பிலிப்பைன்ஸுக்குக் கிறிஸ்தவம் வந்த 500ஆம் ஆண்டு நிறைவுக்காக 2021இல் நடந்த திருப்பலியில், ரோமில் வேலைசெய்யும் பிலிப்பினோப் பெண்கள் நம்பிக்கையைக் கடத்தி வருகிறவர்கள் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டுக்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் சோறும் சீட்டும் சாவுச் செலவுக்குப் பிரிவுப் பணமும் சேர்ந்துதான் அந்த நம்பிக்கை பயணம் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குருவானவர் வராத சிற்றூரில் பாட்டிமார்கள் கற்றுக்கொண்டதைப் பேத்திமார்கள் கடல்கடந்த மாநகர்களில் செய்கிறார்கள்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தென்கிழக்கு ஆசியா என்றாலே சோழர் படையெடுப்போடு நின்றுவிடுகிறோம். இந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் வளைகுடாவில் பிலிப்பினோக்களோடு ஒரே பங்கில் இருந்த தமிழர்கள் நம் ஊர்களில், தூத்துக்குடியிலும் குமரியிலும் தஞ்சையிலும், திரும்பிவந்து வாழ்கிறார்கள். யாருடைய நவநாளுக்கு யார் போனார்கள், யாருடைய சாவுக்கு யார் பணம் சேர்த்தார்கள், எங்கே ஒட்டவில்லை, ஏன் ஒட்டவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து ஒருவரும் இதுவரை போய் முறையாகக் கேட்டுப் பதிவுசெய்யவில்லை. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதாகிறது. உங்களில் ஒருவராவது இந்த ஆண்டே அந்த வேலையைத் தொடங்குங்கள். என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.